அடுத்த பிளாக்கு சௌந்தரம்

முன் சீட்டுல ஜன்னலோரமா உக்காந்திருக்காரே, நீலக் கட்டம் போட்ட சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பக்கத்துல உக்காந்திருக்கிறது அவரு சம்சாரம் இல்ல. சம்சாரம் நான். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. கண்டக்டர் வந்து, ஐயாவக் கைய உள்ள வச்சுக்கச் சொல்லுங்கம்மான்னு அவகிட்டத்தான் சொல்லிட்டுப் போறாரு. நான் ஏறும்போது நீங்ககூட என்னை அவங்களோட வந்த யாரோன்னுதான் நினைச்சிருப்பீங்க. தப்பில்ல தாயி. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க.

என்கூட உக்காந்தா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு எந்திரிச்சுர்றாரு. கொடைரோட்டுல எந்திரிப்பாரு, வாடிப்பட்டியில எந்திரிப்பாரு. அவ பக்கத்துல இருந்தா கல்லு மாதிரி உக்காந்து வருவாரு. அதான் இந்த ஏற்பாடு. நான் பண்ணல, இப்ப மதுரையில பாக்கப் போறோமே, அந்த டாக்டரம்மா சொன்னது.

அவ பேரு ரெஜினா. டெய்லரு. ஜாக்கெட்டுத் தைக்கிறவ. புருஷன் போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு. திண்டுக்கல்ல பழைய ஹவுசிங் போர்டு இருக்குல்ல, அதுல நாங்க சி பிளாக்கு, அவ டி பிளாக்கு. எங்களுக்கு ரெண்டாவது மாடி, படியேறினதும் இடது கை வீடு. அவளுக்கும் ரெண்டாவது மாடி இடது கை வீடுதான். அந்தக் காலனியில எல்லா பிளாக்கும் ஒரே அச்சு. சுண்ணாம்புகூட ஒரே மஞ்சள்.

எங்க வீட்டுக்காரரு கரண்டு ஆபீசுல ரீடிங் எடுத்தவரு. முப்பத்தோரு வருஷம். நாகல் நகர்ல இருந்து பேகம்பூர் வரைக்கும் இவரு ஏறாத படி கிடையாது. எந்த வீட்ல மீட்டர் எந்தப் பக்கம், எந்த வீட்ல நாய் கடிக்கும், எல்லாம் மனப்பாடம். கல்யாணத்துக்குப் போனா, வந்திருக்கிறவங்க பேரு தெரியாது, சர்வீஸ் நம்பர் சொல்லுவாரு. ஊர்ல எத்தனையோ பொம்பளைங்க இவருக்கு மோர் கரைச்சுக் குடுத்திருக்காங்க. நான் ஒரு வார்த்தை சந்தேகமாக் கேட்டதில்ல. எளந்தாரியா இருந்தப்பவே கேட்டதில்ல. எழுபத்தோரு வயசுல கேக்க வேண்டியதாப் போச்சு.

கார்த்திகை மாசம்தான் எனக்கு உறைச்சுது. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு நடக்கப் போவாரு. அரை மணி நேரம், மிஞ்சினா முக்கால் மணி. அது ஒண்ணே கால் ஆச்சு, ரெண்டாச்சு. எங்க போனீங்கன்னு கேட்டா சும்மா நடந்தேம்பாரு. மல்லித்தழை வாங்கிட்டு வாங்கன்னு சொல்லி விட்டா வெறுங்கையோட வருவாரு. வாங்கலையான்னா, வாங்கிக் குடுத்துட்டேனேம்பாரு. யாருக்குக் குடுத்தீங்க? முழிப்பாரு. போன் போட்டா எடுக்க மாட்டாரு. போனையே வீட்ல விட்டுட்டுப் போக ஆரம்பிச்சாரு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறது நின்னு போச்சு. இந்தா, இங்க பாருன்னு ஆயிருச்சு. பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் பாப்பாரு. ஒரு மனுசன் பேப்பரைப் பாத்துக்கிட்டு வேற எதையோ நினைக்கிறான்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

இதெல்லாம்கூட விட்ருங்க. ஒரு நாள் அவசரத்துல வெளிய கிளம்பறாரு, பித்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்காரு. ஒரு பக்கம் காலர் தூக்கிக்கிட்டு நிக்குது. சரி, வந்ததும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். ஆறு மணிக்குத் திரும்பி வர்றாரு. பித்தானெல்லாம் வரிசையா நேரா இருக்கு. யாரு போட்டு விட்டா? கழட்டிட்டுப் போட்டாத்தானே தாயி நேரா வரும்?

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

எம் மகன் ஓசூர்ல இருக்கான், பார்த்திபன். அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா, அப்பாவுக்கு என்ன வயசுன்னு சிரிக்கிறான். அப்பாவுக்கு மறதியா இருக்கா, டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு கேட்டான். மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல, நான் எப்படி வச்சிருக்கேன் தெரியுமா அவரைன்னு சொன்னேன். நிசம்தான். காலையில பிரஷ்ல பேஸ்ட்டை வச்சுக் கையில குடுத்துருவேன். குளிக்கத் தண்ணி விளாவி வச்சு, சோப்பு, துண்டு எடுத்து வச்சு, முதுகும் தேச்சு விட்ருவேன். சட்டையக் கையில மாட்டி விட்ருவேன். தட்டுல சோத்தைப் பெசஞ்சே வச்சுருவேன். மாத்திரைய உள்ளங்கையில வச்சுத் தண்ணியும் நீட்டுவேன். ஒரு குறை வச்சதில்ல. அப்படி இருந்தும் மனுசன் நாலு மணி ஆனாப் போதும், கதவைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பங்குனியில ஒரு நாள் பின்னாடியே போயிட்டேன்.

எனக்கு முட்டி வலி. கைப்பிடியப் புடிச்சு எறங்கிக் கீழ வந்தா, டிரான்ஸ்பார்மர் கிட்ட நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாக்குறாரு. யாராவது பாக்குறாங்களான்னு பாக்குறாருன்னு நினைச்சேன். அப்புறம் விறுவிறுன்னு டி பிளாக்கு. ரெண்டாவது மாடி. பெல் அடிக்கல, கதவைத் தட்டல. சொந்த வீடு மாதிரி தள்ளிக்கிட்டு உள்ள போறாரு. செருப்பு வாசல்ல கிடக்கு. உள்ள இருந்து அவ குரல், வாங்க சார், இன்னைக்கு லேட்டாயிருச்சேங்குது.

நான் செருப்பக்கூடக் கழட்டல. உள்ள போனேன். தையல் மிசினுக்கு எதுத்தாப்புல பாய் போட்டு உக்காந்திருக்காரு. முன்னாடி ஒரு பிஸ்கட் டின்னு நிறைய பித்தானு. வெள்ளைய ஒரு கிண்ணத்துல, கருப்ப ஒரு கிண்ணத்துல, செவப்ப ஒரு கிண்ணத்துல பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருக்காரு. பக்கத்துல டீ. எங்க வீட்ல குடிச்ச டம்ளரை எடுத்துத் தொட்டியில போட்டதில்ல தாயி அவரு. நான் போட விட்டதில்ல, அது வேற. அந்த மனுசன் அங்க உக்காந்து பித்தான் பிரிக்கிறாரு.

நிமிந்து என்னைப் பாத்தாரு. பாத்துட்டு அவகிட்டச் சொல்றாரு, யாரோ ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்திருக்காங்க பாருன்னு.

நான் அந்த டின்னை எத்தி விட்டேன். பித்தானெல்லாம் கட்டிலுக்கு அடியில, மிசினுக்கு அடியில, வாசல் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அதை இங்க சொல்ல முடியாது. கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க. அவரு காதைப் பொத்திக்கிட்டுச் சுவத்தோரமா ஒதுங்கிட்டாரு. அந்த ரெஜினா ஒரு வார்த்தை பேசல. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரம். நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், அவரு சட்டைப் பையில கைய விட்டு ஒரு சீட்டை எடுத்து நீட்டினா. சி பிளாக், இரண்டாவது மாடி, 5, மனைவி பெயர் சௌந்தரம்னு அழகா எழுதியிருந்துச்சு. எங்க வீட்டுப் போன் நம்பரும் இருந்துச்சு. அவ கையெழுத்து.

அப்புறம்தான் சொன்னா.

"அக்கா, சார் ஆடி மாசத்துல இருந்து வர்றாரு. முத நாள் இதே மாதிரிதான், நேரா உள்ள வந்து சட்டையக் கழட்டி மாட்டறதுக்கு ஆணி தேடினாரு. ஆணி இல்லைன்னதும்தான் என்னைப் பாத்தாரு. வேத்துக் கொட்டிருச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டு, வீடு மாறிப் போச்சும்மா, எங்க வீட்ல சொல்லிராதீங்க, அவ பயந்துருவான்னு சொன்னாரு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுருச்சு."

கையப் புடிச்சுக்கிட்டாராம். என்கிட்டயே சொல்றா.

ஏன்டி என்கிட்ட வந்து சொல்லல, நாப்பது அடி தூரத்துலதானே இருக்கேன்னு கேட்டேன். சொல்லியிருக்கணும், தப்புதான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டா. தினம் சாரை எங்க படி வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாளாம். பித்தானையும் அவதான் போட்டு விடுவாளாம். அப்புறம் மெதுவா ஒண்ணு சொன்னா.

"நாலு மணிக்கு ஒருத்தர் வருவாருன்னு இருந்தது எனக்கும் நல்லா இருந்துச்சுக்கா. பொய் சொல்லக் கூடாது. தை மாசத்துல இருந்து என்னைச் சௌந்தரம்னுதான் கூப்பிடறாரு. ரெண்டு மூணு தடவை திருத்தினேன். முகம் வாடிப் போச்சு. அப்புறம் திருத்தல."

பாத்தீங்களா? என் பேரு. எங்க அப்பாரு எனக்கு வச்ச பேரு. என் வீட்ல நான் இந்தா, இங்க பாரு. அங்க அவ சௌந்தரம். புருஷனை எடுத்துக்கிட்டவங்களக் கேள்விப்பட்டிருக்கேன். பேரையும் சேத்து எடுத்துக்கிட்டவ இவதான்.

இதைச் சொன்னா எம் மகன், அம்மா, அவரு உங்களத்தான் தேடிப் போறாருன்னு வியாக்கியானம் பண்றான். தேடறவரு வீட்லயே தேட வேண்டியதுதானே? நான் என்ன ஊருக்கா போயிட்டேன்?

அப்புறம் பார்த்திபன் லீவு போட்டு வந்து மதுரைக்குக் கூட்டிட்டு வந்தான். இதே டாக்டரம்மாதான், நரம்பு டாக்டரு. வர மாட்டேன்னு அவரு அடம் புடிச்சதுனால ரெஜினாவும் வந்தா. உள்ள ஒரு பேப்பரை வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாக் கேக்குது அந்தப் பொண்ணு. தானே குளிப்பாரா? குளிப்பாருன்னேன். சட்டை போடுவாரா? போடுவாரு. மாத்திரை? நேரம் தவறாமச் சாப்பிடுவாரு. கடைக்குப் போனா வாங்கிட்டு வருவாரா? வருவாரு. எல்லாத்துக்கும் டிக் போட்டுக்கிட்டே வருது. எனக்கு ஒரே பெருமை. அப்ப பின்னாடி இருந்து இவ, இல்ல டாக்டர்ங்கிறா. சட்டைய அக்கா மாட்டி விட்டுர்றாங்க, தானாப் போட்டா ரெண்டு கையையும் ஒரே கையில விடுவாரு டாக்டர்ங்கிறா. கடையில சாமானை வாங்கி அங்கயே வச்சுட்டு வந்துருவாரு, இல்லைன்னா என் வீட்ல வச்சுருவாருங்கிறா. டாக்டரம்மா பேனாவ நிறுத்திட்டு, நீங்க அவருக்கு யாருன்னு அவளக் கேட்டுது. பக்கத்து பிளாக்குன்னு நான்தான் பதில் சொன்னேன்.

அப்புறம் என்னைப் பாத்து, நீங்க நாலு நாள் ஊர்ல இல்லைன்னா மாத்திரைய அவரே எடுத்துப் போடுவாராம்மான்னு கேட்டுது. நான் ஏன் ஊர்ல இல்லாமப் போறேன்னு கேட்டேன். சிரிக்கல அந்தப் பொண்ணு. கைய நீட்டி என் கை மேல வச்சுது. நீங்க எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சதுனாலதான் இவ்வளவு நாளா வெளிய தெரியலம்மான்னு சொல்லுச்சு. கேட்டுக்கோங்க. டாக்டரே சொல்லிருச்சு, நான் எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சேன்னு. அதை நான் எங்க பிளாக்குல எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கப்புறம் அது சொன்னதுல பாதி எனக்குக் காதுல விழல. மூளை சுருங்குதாம். மாத்திரை கொஞ்சம் தாக்காட்டுமாம், போனதைத் திருப்பித் தராதாம். முடியற வேலைய அவரையே செய்ய விடணுமாம். வீட்ல ஒருத்தர் மாதிரி பழகின அந்தம்மாவ நிறுத்திராதீங்கன்னுச்சு. அது எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

அதுல இருந்து தினம் நாலு மணிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். அவ வீட்ல வாசல் பக்கமா ஒரு ஸ்டூலு. அதுல நான். அவரு பாயில உக்காந்து பித்தான் பிரிப்பாரு, பழைய ஜாக்கெட்டுல ஓட்டுத் தையல் பிரிப்பாரு, நூல் சுத்துவாரு. அவ பாட்டுக்கு மிசினை மிதிப்பா. ரெண்டு பேரும் பேசக்கூட மாட்டாங்க தாயி. அதான் எனக்குத் தாங்கல. பேசினா என்ன பேசறாங்கன்னு கேக்கலாம். பேசாம இருக்கிறதுல நான் எங்க நுழையறது?

அவ வைக்கிற டீ நல்லாவும் இருக்காது. இஞ்சியப் போட்டுக் கொல்லுவா. அதைச் சொட்டு விடாமக் குடிக்கிறாரு. நானும் வீட்ல இஞ்சி போட்டுப் பாத்தேன். டம்ளரைத் தள்ளி வச்சுட்டாரு.

அப்படியே போயிட்டு இருந்துச்சு. போன மாசம் வந்து ஒரு நாள் சொல்றா, அக்கா, என் பொண்ணுக்குக் கோயமுத்தூர்ல பிரசவம், தலைப் பிரசவம், நான் போனா திரும்ப ஆறேழு மாசம் ஆகும்ங்கிறா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நேராப் போயி பிள்ளையாருக்கு ஒரு தேங்கா உடைச்சேன். வீட்டுக்கு வந்து உக்காந்தேன். உக்காந்தவ உக்காந்தவதான். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல.

அந்தப் பொண்ணுக்கு மாமியா இருக்கா. நாத்தனா ரெண்டு பேரு இருக்காங்க. புருஷன் காலேஜுல வேலை, மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துருவானாம். இத்தனை பேரு இருக்கையில அவளுக்கு இவ எதுக்கு? அதைக் கேட்டேன் அவகிட்ட. உன் சம்பந்தியம்மா பாத்துக்க மாட்டாங்களான்னு கேட்டேன். எம் பொண்ணாச்சேக்கா, நான் பெத்த பொண்ணாச்சேன்னு சொல்லிச் சிரிக்கிறா. எனக்கு அந்தப் பொண்ணை நினைச்சா எரிச்சலா வருது. அது முகத்தக்கூட நான் பாத்ததில்ல. ஒருத்தி மேல பட்ட பொறாமை போதாதுன்னு இப்ப அவ மக மேலயும் படறேன்.

சனிக்கிழமை கிளம்பறா. அதனால இந்த வாரம் பழக்கிப் பாருங்கக்கான்னா. திங்கக்கிழமை நாலு மணிக்கு அவ வேணும்னே வீட்டைப் பூட்டிட்டுச் சர்ச்சுக்குப் போயிட்டா. நான் இவரக் கூட்டிட்டுப் போயி பூட்டைக் காட்டினேன். பூட்டைப் புடிச்சு இழுத்துப் பாத்தாரு. சௌந்தரம், சௌந்தரம்னு ரெண்டு தடவை கூப்பிட்டாரு, கதவைப் பாத்து. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க, அது வரைக்கும் எங்க வீட்ல வந்து உக்காருங்கன்னு சொன்னேன். எங்க வீட்ல வந்து உக்காருங்கன்னு நான் எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறேன் பாருங்க. வந்தாரு. விருந்தாளி மாதிரி சேர் நுனியில உக்காந்தாரு.

நான் அவகிட்ட முன்னாடியே கேட்டிருந்தேன், நீ என்னத்தைச் சொல்லி அவரை உக்கார வைக்கிறேன்னு. "ஒண்ணும் சொல்றதில்லக்கா. கையில ஒரு வேலையக் குடுத்துட்டு என் வேலையப் பாப்பேன். தப்பாச் செஞ்சாலும் எடுத்துச் செய்ய மாட்டேன்" அப்படின்னா. அது எனக்கு ஆகாத காரியம். ஆனாலும் ஒரு படி சின்ன வெங்காயத்தை முறத்துல கொட்டி, ஒரு பாத்திரத்தையும் வச்சு, கொஞ்சம் உரிச்சுக் குடுங்களேன்னு நீட்டினேன். குக்கர்ல பருப்பை வச்சு அடுப்புல ஏத்திட்டு, அவரைப் பாக்காத மாதிரி நின்னேன்.

உரிச்சாரு. ஒவ்வொண்ணா, நிதானமா. தோலைப் பாத்திரத்துல போடறாரு, வெங்காயத்தைத் தரையில போடறாரு. என் கை அரிக்குது தாயி, பிடுங்கிச் செய்யணும்னு. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் போனதும் சேர்ல நல்லாச் சாஞ்சு உக்காந்தாரு. என்னை நிமிந்து பாத்து, நீங்க இந்த பிளாக்குக்குப் புதுசாங்கன்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற என்னத்தைச் சொல்றது?

அதுக்கப்புறம் அவரா பேச ஆரம்பிச்சாரு.

"எங்க வீடு அடுத்த பிளாக்குதான். சௌந்தரம்னு, எங்க வீட்ல. எது வேணும்னாலும் அவளக் கேளுங்க. கொஞ்சம் வெடுக்குனு பேசுவா, தப்பா எடுத்துக்காதீங்க. மனசுல ஒண்ணும் கிடையாது."

அப்படியான்னு கேட்டேன்.

"ரீடிங்குக்குப் போனா நான் வீட்டுக்கு வர மூணு மணியும் ஆகும், நாலு மணியும் ஆகும். அது வரைக்கும் சாப்பிட மாட்டா. கேட்டா, அப்பவே சாப்பிட்டேம்பா. தட்டு காஞ்சு இருக்கும். நான் பாத்துக்கிட்டே கை கழுவுவேன். கேட்டதில்ல."

நாப்பத்து நாலு வருஷம் தாயி. ஒரு நாள் எம் மூஞ்சிக்கு நேரா, நல்லா இருக்குன்னு ஒரு ரசத்தச் சொன்னதில்ல இந்த மனுசன். காஞ்ச தட்டைப் பாத்திருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரோ புதுசாக் குடி வந்தவகிட்ட உக்காந்து சொல்றாரு.

சந்தோசப்பட்டிருப்பேன்னு நினைப்பீங்க. பார்த்திபன்கூட அப்படித்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ரெஜினா மேல இல்ல, அவ பாவம், பித்தானையும் டீயையும் தவிர அவளுக்கு என்ன கிடைச்சுது? அந்தச் சௌந்தரம் மேலதான் எரிஞ்சுச்சு. வெடுக்குனு பேசிக்கிட்டு, காஞ்ச தட்டோட உக்காந்திருந்தாளே, அவ மேல. அவளுக்கு இவ்வளவு இருந்திருக்கு, ஒருத்தரும் அவகிட்டச் சொல்லல.

தரையில கிடந்த வெங்காயத்தை நான் பொறுக்கல. ஒரு சேரை இழுத்துப் போட்டு அவருக்கு எதுத்தாப்புல உக்காந்தேன். உங்க வீட்டம்மா அப்புறம் என்ன செய்வாங்கன்னு கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பா ஆயிருச்சு அவருக்கு. கையில இருந்த வெங்காயத்தை அப்படியே வச்சுக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சாரு. குக்கர் அஞ்சாவது விசிலும் அடிச்சுது, ஆறாவதும் அடிச்சுது. நான் எந்திரிக்கவே இல்ல.